கடலறிந்த பிள்ளையும் கப்பலின் மேல்மாடமும்

"சம்பளமும் கிடைக்கணும், உலகத்தையும் சுற்றிப் பார்க்கணும், அதுக்கு என்ன படிக்கணும் சார்?" என்ற கேள்வியை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்த காலத்தில், ஆண்டுக்கு ஒரு முறையேனும் நான் கேட்காமல் இருந்ததில்லை. பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகி, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்று பிள்ளைகளும் பெற்றோரும் பள்ளித் திண்ணையில் காத்திருக்கும் அந்த ஜூன் மாத நாட்களில், யாராவது ஒரு பையன் கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து நின்று, ஏதோ தகாத ஆசையை ஒப்புக்கொள்பவன் போலக் குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பான். முதலில் படிப்பை முடி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவதே அப்போது என் வழக்கமாக இருந்தது. அது தவறு என்று இன்று எண்ணுகிறேன். அந்த ஆசை தகாததன்று. அதற்கு ஓர் ஆசிரியன் தெளிவாகச் சொல்லத்தக்க விடையும் உண்டு. அந்த விடையைப் பெறுவதற்கு முதல் உரிமை உள்ளவர்கள் நம் கடற்புறத்துப் பிள்ளைகளே என்பதும், அவர்களுக்கு அது சென்று சேராதபடி பல காரணங்கள் குறுக்கே நிற்கின்றன என்பதும்தான் இக்கட்டுரையில் நான் எடுத்துரைக்க விரும்பும் விஷயம்.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெளிநாடு சென்று சம்பாதிப்பது வேறு, உலகைச் சுற்றுவதையே உத்தியோகமாகக் கொள்வது வேறு. நம் மாவட்டத்துக்கு முன்னது புதிதன்று. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற பாட்டன்மார் காலந்தொட்டு, வளைகுடா நாடுகளுக்குச் சென்ற கொத்தனார்களும் மின்பணியாளர்களும், உலகின் பல பாகங்களிலும் மருத்துவமனைகளில் பணியாற்றும் நம் செவிலியரும் ஆக, கடல் கடந்த உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் இங்கே அருமை. ஆயினும் குவைத்துக்குச் சென்றவர் குவைத்திலேயே இருபது ஆண்டுகளைக் கழித்துத் திரும்புகிறார், வீட்டை விட்டு மற்றொரு வீடு, அவ்வளவுதான். பையன் கேட்டது அதையன்று. இன்று ஒரு துறைமுகம், அடுத்த மாதம் இன்னொரு கண்டம் என்று நகர்ந்துகொண்டே இருப்பதும், நகர்வதற்காகவே கூலி பெறுவதுமான ஜீவனத்தைத்தான் அவன் கேட்டான்.

அத்தகைய ஜீவனத்தைத் தமிழில் எண்ணிப் பார்க்கும் எவருக்கும் கோட்டையூர் ஏ.கே. செட்டியாரின் நினைவு வராமல் இராது. 1911ஆம் ஆண்டு பிறந்த அவர், புகைப்படக் கலையைத் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் பயின்று, அந்தக் கலையையே கைமுதலாகக் கொண்டு, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் தேடித் திரட்டுவது என்று புறப்பட்டவர். ஏறக்குறைய 50,000 அடி நீளப் படச்சுருள்களைச் சேகரித்து, 1940இல் அவர் தமிழில் வெளியிட்ட ஆவணப்படம் அந்தப் பிரயாணத்தின் பலன். செட்டியாரிடம் நான் கண்டு வியப்பது அவர் சென்ற நாடுகளின் எண்ணிக்கையை அன்று. கையில் ஒரு தொழிலும் நெஞ்சில் ஒரு காரியமும் இல்லாமல் அவர் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை என்பதைத்தான். காரியம் முன்னே சென்றது, தேசங்கள் அதன் பின்னே வந்தன.

இதற்கு நேர் எதிரான திசையில் நடந்த ஒரு பிரயாணத்தின் சாட்சி நம் நெய்யூரிலேயே இருக்கிறது. 1838ஆம் ஆண்டு லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணியால் பெயர்பெற்ற அந்த ஊருக்கு, 1922இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முயன்ற ஆங்கிலேயக் குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், மலையிலிருந்து இறங்கிய கையோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் எண்ணத்துடன் வந்து சேர்ந்தார். வந்தவர் கண்டது, வராந்தாவிலும் மரத்தடியிலும் காத்துக்கிடந்த நோயாளிகளையும், அவர்கள் அத்தனை பேருக்கும் ஈடுகொடுக்க இயலாமல் உழைத்துக்கொண்டிருந்த மருத்துவரையும். லண்டனில் அவருக்காகக் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு நெய்யூரையே தம் பணிக்களமாக ஏற்றார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று, பிராணவாயுக் குப்பியின் உதவியின்றி 8,500 மீட்டருக்கு மேல் ஏறியவர், இறங்கியதும் நெய்யூருக்கே திரும்பினார். பிற்காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். நம் பகுதியின் முதியோர் அவர் பெயரை இன்றும் பக்தியோடு சொல்லக் காரணம் அவர் ஏறிய சிகரம் அன்று, அவர் கைபட்டுப் பிழைத்த உயிர்கள். ஊர் சுற்ற வந்த ஒருவரை ஒரு தொழில் எவ்வாறு பிடித்து நிறுத்தும் என்பதற்கு இதைக் காட்டிலும் அருகில் உள்ள உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், "அப்போ நிறைய ஊரு பாக்கணும்னா டாக்டருக்குப் படிக்கக் கூடாதா சார்?" என்று கேட்டவர்களும் உண்டு. படிக்கலாம், ஆனால் தொழில் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நிற்கும் மனம் வேண்டும் என்பேன்.

விமானப் பணியும், உல்லாசக் கப்பல்களின் சமையற்கூட வேலையும், மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எந்த ஊரிலிருந்தும் செய்யத்தக்க மென்பொருள் வேலையும் இந்தக் காலத்தில் பலருக்கு வழி திறந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் என் மாணவர்கள் பிறந்தது தூத்தூரிலும் வள்ளவிளையிலும் இரவிபுத்தன்துறையிலும். அவர்கள் தொட்டிலில் கேட்டது அலையோசை. அவர்களுக்குக் கப்பலை விட்டு வேறு விடை சொல்வது, தென்னந்தோப்பின் நடுவே நின்றுகொண்டு கொப்பரைக்கு வேறு ஊர் தேடுவதைப் போன்றதாகும்.

உலகத்தின் சரக்கு வாணிபத்தில், பளுவின் கணக்கில், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கப்பலில்தான் செல்கிறது. அக்கப்பல்களை ஓட்டுவோர் ஏறக்குறைய 19 லட்சம் பேர் என்று 2021இல் சர்வதேச கப்பல் அமைப்புகள் கணக்கிட்டன. மாலுமிகளை மிகுதியாக அளிக்கும் ஐந்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயைக் குறுக்கே அடைத்துக்கொண்டு ஆறு நாட்கள் உலக வாணிபத்தையே நிறுத்திவைத்த அந்த மாபெரும் கப்பலின் பணியாளர்கள் 25 பேரும் இந்தியர்களே. தொலைக்காட்சியில் உலகமே கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதற்குள்ளே இருந்த மனிதர்களை எத்தனை பேர் நினைத்தார்கள்?

அந்த மனிதர்களின் வாழ்வை அருகிலிருந்து அறியும் வாய்ப்பை என் பழைய மாணவன் ஒருவன் எனக்குக் கொடுத்தான். இப்போது சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக, அவர்கள் மொழியில் தேர்ட் மேட்டாக இருக்கிறான். விடுமுறையில் வந்தபோது, தன்னுடைய சி.டி.சி. என்னும் மாலுமிப் பணிப்பதிவு நூலை எடுத்துவந்து என் மேசைமேல் விரித்தான். ஒவ்வொரு வரியிலும் கப்பலின் பெயர், ஏறிய தேதியும் இடமும், இறங்கிய தேதியும் இடமும், பதவி, கப்பல் தலைவரின் ஒப்பம். ஏறிய இடம் சிங்கப்பூர், இறங்கிய இடம் ராட்டர்டாம். ஏறிய இடம் சான்டோஸ், இறங்கிய இடம் டர்பன். இவற்றைத் தவிர, நடுவிலே தொட்ட துறைமுகங்கள் எத்தனையோ. பூகோள வரைபடத்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இந்த ஊர் எப்படி இருந்தது?" என்று ஆர்வத்தோடு நான் கேட்கக் கேட்க, அவன் சற்றே தயங்கிச் சொன்னான்: "சான்டோஸ்ல மூணு மணி நேரம் கரைக்கு இறங்கினேன் சார். ஒரு சர்ச்சும் ஒரு கடைத்தெருவும் பாத்தேன். ஆஸ்திரேலியாவுல இரும்புத்தாது ஏத்துன துறைமுகத்துல தட்டுல நின்னே பாத்ததுதான், செம்மண் தூசியா இருந்துச்சு. ராட்டர்டாம்ல என் வாட்ச் முடிஞ்சு தூங்கி எழுந்திரிச்சப்போ கப்பல் திரும்பவும் கடல்ல இருந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தம் ஏதுமில்லை. சரக்குப் பெட்டகங்களை ஏற்றியிறக்கும் இயந்திரங்கள் பெருகிய பிறகு ஒரு கப்பல் துறைமுகத்தில் நிற்பது சில சமயம் ஒரு பகலும் ஓர் இரவும் மட்டுமே. 2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த துறைமுகப் பாதுகாப்பு விதிகளால் மாலுமிகள் கரையிறங்குவதும் சுருங்கிவிட்டது. உலகை நகரம் நகரமாகப் பார்க்க வேண்டும் என்பவனுக்குக் கப்பல் உகந்ததன்று என்று பெற்றோரிடம் நான் ஒளிக்காமல் சொல்வதுண்டு. ஆனால் அவன் பார்த்தவை வேறு சில. பனாமா கால்வாயின் பூட்டுமடைகளில் அத்தனை பெரிய கப்பலை நீர் மட்டும் மெல்ல மெல்ல 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி ஏரியில் விட்டதை விவரித்தபோது, ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை அவனுக்குக் கற்பித்த நான், அதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். தென்கோளத்து வானத்தில் வேறு நட்சத்திரங்கள் எழுவதையும், நன்னம்பிக்கை முனைக்குக் கீழே அலை இரண்டு நாட்கள் ஓயாமல் அடித்ததையும், காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரையும் இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரையும் ஒவ்வொரு நாளும் அந்த மாபெரும் உடலின் பொறுப்பு முழுவதும் தன் இரு கண்களில் இருந்ததையும் அவன் சொன்னான். நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வும் பிற வேலைகளும். ஆறு, ஏழு மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அவன் கண்ட உலகம் இதுதான். அதற்கு ஈடாக அவன் கொடுத்தது, தங்கையின் கல்யாணத்தை அலைபேசியின் சிறு திரையில் பார்த்தது. கொரோனாக் காலத்தில் மாற்று ஆள் வர வழியின்றி ஒப்பந்தக் காலம் கடந்தும் கடலில் சிக்கியவர்கள் 2020இன் இறுதியில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். அவர்களில் ஒருவனாகப் பதினொரு மாதங்களுக்கு மேல் மண்ணை மிதிக்காமல் இருந்தவன் இவன். ஆயினும் மறுபடி ஏறினான். அந்த மறுபடி ஏறுதலில்தான் இத்தொழில் யாருக்கு உரியது என்பதற்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இவனுடைய தகப்பனாரும் உலகம் சுற்றியவரே. தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியையோ மங்களூரையோ தேங்காய்ப்பட்டணத்தையோ விட்டுப் புறப்பட்டால் முப்பது, நாற்பது நாட்கள் தங்கித் தூண்டில் போடுபவர்கள். சுறாவைத் தொடர்ந்து செல்லும் அவர்களுடைய அறுபது, எழுபது அடிப் படகுகள் லட்சத்தீவைக் கடந்தும், மாலத்தீவைக் கடந்தும், இங்கிருந்து ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் அளவிலுள்ள டீகோ கார்சியா வரையிலும் சென்று, எல்லை தாண்டினார்கள் என்று அங்கே பிரிட்டிஷ் அதிகாரிகளால் பிடிக்கப்பட்டதும் உண்டு. கச்சான் காற்றும் கொண்டல் காற்றும் எப்போது திரும்பும் என்பதை வானிலை அறிக்கை இல்லாமலே உணரும் இவர்களைப் போன்ற கடலறிவு உடையவர்கள் இந்தியக் கரையில் வேறு எங்கே இருக்கிறார்கள்? ஆனால் இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் பங்குதான். காப்பீடும் ஒழுங்கான தொலைத்தொடர்பும் பெயரளவில்தான். 2017 நவம்பர் 29ஆம் தேதி இரவு எழுந்த ஒக்கிப் புயலில் இவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவேயில்லை. அந்த டிசம்பரில் என் வகுப்பில் காலியாக இருந்த பெஞ்சுகளையும், தகப்பனாரின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துறைமுகமாகத் தேடிச் சென்ற பிள்ளைகளையும் நான் மறப்பதற்கில்லை. ஈரானிலும் பஹ்ரைனிலும் சவூதியிலும் ஒப்பந்தப் படகுகளில் மீன்பிடிக்கச் செல்பவர்களும் நம்மவர்களே. 2020 ஜூலை முதல் தேதி கொரோனா முடக்கத்தால் ஈரானில் சிக்கி, இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியவர்களுள் நம் மீனவர்கள் மிகுதியாக இருந்தார்கள். ஆக, கடல்வழியே உலகத்தைச் சுற்றுவது இந்த ஊர்களுக்குப் பரம்பரைச் சொத்து. ஆனால் அந்தச் சுற்றுதலில் இவர்கள் நின்ற இடம் எப்போதும் கீழ்த்தளம்.

அந்தக் கீழ்த்தளத்துக்கும் மேல்மாடத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை 2018 ஆகஸ்டு 7ஆம் தேதி விடியற்காலம் காட்டியது. கேரளத்து முனம்பத்திலிருந்து சென்ற ஒரு மீன்பிடிப் படகின்மேல் சரக்குக் கப்பல் ஒன்று மோத, அதிலிருந்தவர்களுள் சிலர் பிணமாக மீட்கப்பட்டனர், சிலர் கிடைக்கவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டத்து ராமன்துறையைச் சேர்ந்தவர்கள். இத்தகைய மோதல்களில் எந்தக் கப்பல், யார் பொறுப்பு என்பதை விசாரணை அதிகாரிகள் தீர்மானிக்கட்டும். நான் கவனிக்க விரும்புவது வேறு. பிரிட்ஜ் என்று கப்பற்காரர்கள் சொல்லும் அந்த மேல்மாடத்திலிருந்து பார்த்தால், கப்பலின் முன்முனைக்கு நேர் எதிரே உள்ள கடற்பரப்பு 500 மீட்டர் வரையிலும் மறைந்திருக்கலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. மரத்தாலும் ஃபைபராலும் ஆன படகு ராடார் திரையில் மங்கலாகத்தான் தெரியும். அலை உயர்ந்தால் அதுவும் தெரியாது. தூண்டிலோ வலையோ விட்டிருக்கும் படகு இரவில் மேலே ஒரு சிவப்பு விளக்கும் அதன் கீழே ஒரு வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும். இழுவைப் படகாயின் மேல்விளக்கு பச்சை. அவற்றைக் கண்ட கப்பல்தான் விலகிச் செல்ல வேண்டும். சட்டம் இதுதான். ஆனால் அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் காணும் கண், அவற்றின் கீழே அயர்ந்து உறங்கும் பத்துப் பன்னிரண்டு மனிதர்களையும், படகின் பின்னே மைல்கணக்கில் நீண்டுகிடக்கும் தூண்டில் கயிற்றையும் சேர்த்தே காண்பதற்கு, அந்தக் கண் பிறந்த ஊர் எது என்பதும் காரணமாகிறது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

நம்புவதற்குச் சான்றும் இருக்கிறது. 2015 ஜூன் மாதம் ஒடிசாக் கடலில், எஞ்சின் பழுதாகி நங்கூரமும் அறுந்து, உணவும் குடிநீரும் அலையில் போய், கரையிலே உறவினர்கள் இறுதிச்சடங்குக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நிலையில் தத்தளித்த துர்கம்மா என்ற படகிலிருந்து ஏழு மீனவர்களை, புயற்காற்றின் நடுவே, இருபத்தைந்து அடிக்கு மேற்பட்ட அலைகளின் மத்தியில், பலமுறை முயன்று மீட்டது சம்பூர்ண ஸ்வராஜ்யா என்னும் எண்ணெய்க் கப்பல். அதன் தலைவர் ராதிகா மேனன், கேரளத்துக் கொடுங்கல்லூர்க்காரர். இந்திய வணிகக் கப்பற்படையில் தலைவர் பதவியை எட்டிய முதல் பெண் அவர். சர்வதேச கடல்சார் அமைப்பு கடலில் காட்டும் வீரத்துக்காக அளிக்கும் விருதை 2016இல் பெற்றபோது, அவ்விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே ஆனார். கடற்கரை ஊரில் வளர்ந்த ஒரு பெண் மேல்மாடத்தில் நின்றதால் ஏழு குடும்பங்கள் பிழைத்தன. நம் கடற்புறத்துப் பெண்பிள்ளைகள் பௌதிகத்திலும் கணிதத்திலும் பையன்களை விஞ்சுவதை ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலில் கண்டவன் நான். அவர்களில் ஒருத்தியிடமும் கப்பல் தலைவர் ஆகலாம் என்று யாரும் சொன்னதாக நான் அறியேன். நானும் சொல்லவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவில் முதலிடம், ஏறக்குறைய 92 விழுக்காடு, நம் மாவட்டத்துக்கு. இருந்தும் கடற்கரையிலிருந்து கப்பலுக்குச் செல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்போடு ஆறு மாதப் பயிற்சி பெற்று, கடைநிலைப் பணியாளராகவே ஏறுகிறார்கள். அது இழிவன்று, துருவைச் சுரண்டிச் சாயம் பூசும் கைகள் இல்லாமல் எந்தக் கப்பலும் மிதக்காது, அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து, போசன் எனப்படும் தட்டுப் பணியாளர் தலைவர்களானோர் பலரை நான் அறிவேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றிலும் சேர்த்து அறுபது விழுக்காடும், ஆங்கிலத்தில் ஐம்பது விழுக்காடும் பெற்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதினால், ஓராண்டுப் படிப்பும் பதினெட்டு மாதக் கடற்பயிற்சியும் முடித்து அதிகாரிக்கான தேர்வை எழுதும் வழி ஒன்று இருப்பதை இந்த ஊர்களில் எத்தனை தாய்மார் அறிவார்கள்? நிறக்குருடு உள்ளவரைக் கப்பல் அதிகாரியாக ஏற்பதில்லை. அதைச் சில நிமிடங்களில் கண்டறிந்துவிடலாம். ஆனால் என் மாணவன் ஒருவன், வீட்டை ஈடு வைத்துப் பணம் கட்டிய பிறகே, மருத்துவச் சோதனையில் அது தனக்கு இருப்பதை அறிந்து, அழக்கூட முடியாதவனாக என் முன்னே வந்து நின்றான். ஒன்பதாம் வகுப்பில் நிறப்பார்வைச் சோதனைப் புத்தகம் ஒன்றைப் பிரித்துக் காட்டியிருந்தால் அந்த வீடு மிஞ்சியிருக்கும்.

பணம் என்றேன். இதைப் பற்றி உரக்கப் பேசியாக வேண்டும். கப்பல் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பல லட்சங்கள் பெறும் இடைத்தரகர்கள் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் மட்டுமல்ல, நாடெங்கும் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்று, மாலுமிப் பதிவு நூல், பாஸ்போர்ட் ஆகிய மூன்றின் செலவு மட்டுமே அவனுடையது. மாலுமிகளை அனுப்பும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. தரகர் தரும் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல், ஊர்ப்பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக, நகையையும் படகின் பங்கையும் விற்றுக் கொடுத்துவிட்டு, பிள்ளை ஏதோ ஒரு பழுதான கப்பலில் ஏறி, சம்பளமும் இல்லாமல் இறங்கவும் முடியாமல் வேற்று நாட்டுத் துறைமுகத்தில் கிடக்கும் செய்தி கேட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். உலகம் சுற்றும் உத்தியோகம் என்ற சொல்லில் இருக்கும் கவர்ச்சியே அந்தத் தரகனின் மூலதனம்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடமும், கல்வித்துறையிடமும், கடற்கரைப் பங்குகளின் குருமார்களிடமும் நான் வேண்டுவன பெரிய காரியங்கள் அல்ல. கடலோர மேல்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒன்பதாம் வகுப்பிலேயே நிறப்பார்வைச் சோதனை நடக்கட்டும். அப்பள்ளிகளில் பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இடம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. இருந்த ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் வேறு பாடப்பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள் என்பதை நான் அறிவேன். மீனவர் பிள்ளைகள் கப்பல் அதிகாரிப் படிப்பில் சேர்ந்தால் முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கட்டும். கடலில் தகப்பனை இழந்த பிள்ளைக்கு அது சலுகையாகாது, கடன் தீர்ப்பதாகும். மீன்வளத்துறை அலுவலகத்தில், தரகர் பெயரையும் உரிமத்தையும் சரிபார்த்துச் சொல்லும் ஒரு மேசையும் ஓர் அலுவலரும் இருந்தால் போதும், பல குடும்பங்கள் தப்பும். ஆழ்கடல் படகில் ஆண்டுக்கணக்கில் உழைத்த இளைஞன் கப்பற்பயிற்சிக்கு வரும்போது, அலையையே காணாதவனோடு சமமாக முதல் பாடத்திலிருந்து தொடங்காமல், அவனுடைய கடலறிவைக் கணக்கில் கொள்ளும் ஒரு முறையை இயக்குநரகம் வகுக்குமானால், அது நம் ஊர்களுக்கு மட்டுமல்ல, கப்பல்களுக்கும் நன்மை.

சென்ற மாதம் அந்த மாணவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுவாரம் சிங்கப்பூரில் கப்பலேற வேண்டியவன். தாயார் உலர்ந்த நெத்திலியையும் மாங்காய் ஊறுகாயையும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டிருந்தார். கணவரும் மூத்த மகனும் அப்போது கொச்சியிலிருந்து போன படகில் ஆழ்கடலில் இருந்தார்கள். பேச்சு, குமரிமுனைக்குத் தெற்கே கப்பல்கள் செல்லும் தடத்தைப் பற்றி வந்தது. இரவு எட்டு மணிக் காவலில் அந்தப் பகுதியைக் கடக்கும்போது, ராடாரை மட்டும் நம்பாமல், மேல்மாடத்தின் வெளிச்சிறகில் போய் நின்று தொலைநோக்கியால் பார்ப்பேன் என்று அவன் சொன்னான். தாயார் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அத்தன வெளக்குல அப்பாக்க போட்டு எதுன்னு எப்பிடி மக்களே தெரியும்?"

"தெரியாதும்மா. எல்லாத்துக்கும் தூர வெலகித்தான் போவேன்."

அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. ஊறுகாய்ப் புட்டியின் மூடியை மெழுகால் அடைத்து, எண்ணெய் கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்தார்.